தவணை முடியும் முன்பே வீட்டை விற்றால் மீதிப் பணம் யாருக்கு?

கடனை அடைக்க முறையான ஏற்பாடு ஒன்றில் கையெழுத்துப் போட்டாயிற்று. மாதம் தவறாமல் தவணை போகிறது. இரண்டு வருடம் ஓடிவிட்டது, இன்னும் மூன்று வருடம் பாக்கி. அந்த நேரம் பார்த்து வீட்டை விற்கவேண்டிய நிலை வருகிறது. வேலை வேறு ஊருக்கு மாறுகிறது. தம்பதிகள் பிரிகிறார்கள். வீட்டுக் கடனையும் தவணையையும் சேர்த்துச் சுமக்க முடியாமல் மூச்சு முட்டுகிறது. சில சமயம் நல்ல சேதியாகவும் வரும்: வீட்டு விலை ஏறிவிட்டது, விற்றால் எல்லாக் கடனையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் போலிருக்கிறது.

இப்படி நிற்பவர் முதலில் கேட்பது "விற்கலாமா?" என்றுதான். பெரும்பாலான ஏற்பாடுகளில் விற்கலாம், அனுமதி வாங்கிக்கொண்டு. குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றுவது அதற்கு அடுத்த கேள்வி: விற்ற பிறகு கையில் மிஞ்சும் பணம் யாருக்குச் சொந்தம்? இதற்கான பதில், பலர் கவனமாகப் படிக்காமல் கையெழுத்திட்ட காகிதத்தில் ஏற்கனவே எழுதப்பட்டிருக்கும், அல்லது எழுதப்படாமல் விட்டிருக்கும். இரண்டுமே முக்கியம். வாங்குபவரைத் தேடும் முன் அந்தக் காகிதத்தைத் தேடி எடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு சொல்லை மட்டும் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழில் கடன்காரர் என்றால் கொடுத்தவரையும் குறிக்கும், வாங்கியவரையும் குறிக்கும். வீட்டு வாசலில் வந்து நிற்பவரும் கடன்காரர், உள்ளே ஒளிந்திருப்பவரும் கடன்காரர். அந்தக் குழப்பம் வேண்டாம் என்பதால் இங்கே கொடுத்தவர், வாங்கியவர் என்றே எழுதுகிறேன்.

கிரெடிட் கார்டு பாக்கி, தனிநபர் கடன், மருத்துவமனை பில் என்று ஈடு இல்லாமல் ஏறிய கடன்களையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, வாங்கியவரால் முடிந்த அளவுக்கு ஒரு மாதத் தவணை வைத்து, குறிப்பிட்ட காலம் ஒழுங்காகக் கட்டினால் மிச்சத்தைத் தள்ளிவிடுவது: இதுதான் இத்தகைய ஏற்பாடுகளில் பெரும்பாலானவற்றின் சாரம். அமெரிக்காவில் திவால் சட்டத்தின் 13-ஆம் அத்தியாயம் இதற்கு 3 முதல் 5 வருடம் வரை இடம் தருகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐ.வி.ஏ. என்ற தனிநபர் ஏற்பாடு இருக்கிறது. கனடாவில் கன்ஸ்யூமர் ப்ரபோசல், ஆஸ்திரேலியாவில் டெட் அக்ரிமென்ட். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, 2019 டிசம்பரில் கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. பெயர் எதுவானாலும் நடுவில் ஒருவர் இருப்பார். பொறுப்பாளர், மேற்பார்வையாளர், நிர்வாகி என்று நாட்டுக்கு ஒரு பெயர். தவணையை வாங்கிப் பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். வீடு விற்கும் பேச்சு எழுந்தால் முதலில் போகவேண்டியதும் அவரிடம்தான்.

வீட்டை ஈடாக வைத்துக் கடன் கொடுத்த வங்கி பெரும்பாலும் இந்த மூட்டைக்குள் வராது. அதன் பிடி வீட்டின் மேல் இருக்கிறது, ஏற்பாடு வந்ததால் அந்தப் பிடி தளர்வதில்லை. இங்கிலாந்துச் சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: ஈடு வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமல் அவருடைய உரிமையை ஐ.வி.ஏ.வால் தொட முடியாது. ஆக, விற்ற பணத்தில் முதல் பங்கு வீட்டுக் கடன் கொடுத்த வங்கிக்கு. மற்ற கொடுத்தவர்களின் கண் அதற்குப் பிறகு மிஞ்சுவதன் மேல் இருக்கும்.

அந்த மிச்சம் எவ்வளவு? மனக்கணக்கில் வருவதும் கடைசியில் கைக்கு வருவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. வீட்டின் விற்பனை விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். வருடக் கடைசியில் வந்த வங்கிக் கணக்கில் வீட்டுக் கடன் பாக்கி 60 என்று இருக்கிறது. சரி, 40 மிஞ்சும் என்று மனசு சொல்லிவிடுகிறது. அப்புறம் கடனை முழுதாக முடிக்கும் தொகை எவ்வளவு என்று வங்கியிடம் எழுத்தில் கேட்கிறீர்கள். வரும் கடிதத்தில் 64 இருக்கிறது. அசல், கட்டத் தவறிய தவணைகள், அபராதம், கெடுவுக்கு முன்பே முடிப்பதற்கான கட்டணம், எல்லாம் வரிசையாக இருக்கின்றன. அடியில் ஒரு வரி: இந்தத் தேதிக்குப் பிறகு நாளொன்றுக்கு இவ்வளவு வட்டி கூடும். தரகர், வக்கீல், பதிவு என்று 6 போகிறது. முன்பு எப்போதோ வீட்டின் மேல் வாங்கிய இரண்டாவது கடன் ஒன்று 8. ஆக மிச்சம் 22. வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருந்து, ஏற்பாட்டில் கையெழுத்திட்டவர் ஒருவர் மட்டும் என்றால், பாதி மற்றவருடையது. நாம் பேசிக்கொண்டிருக்கும் பணம் 11.

இந்த 11-ஐ வைத்து ஏற்பாட்டை முடித்துவிடலாமா என்பது அடுத்த கட்டம். மனசு உடைந்து போகிறவர்களைப் பார்ப்பது இந்த இடத்தில்தான். பாக்கித் தவணைகளைக் கூட்டினால் 9 வருகிறது, நம்மிடம் 11 இருக்கிறது, கட்டிவிட்டு 2-ஐ எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் "முழுதாக அடைப்பது" என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. பாக்கித் தவணைகளை மொத்தமாகக் கட்டுவது ஒன்று. ஆரம்பத்தில் வாங்கிய கடனை நூற்றுக்கு நூறு அடைப்பது இன்னொன்று. ஏற்பாட்டில் நூற்றுக்கு முப்பது கட்டுவதாகத்தான் ஒப்புக்கொண்டிருப்பீர்கள், மீதி எழுபது கடைசியில் தள்ளுபடி ஆகவேண்டியது. அந்தத் தள்ளுபடி உங்களுக்கு வசதி இல்லை என்ற கணக்கில் வந்தது. வீட்டுப் பணம் வந்ததும் கொடுத்தவர்கள், இப்போதுதான் வசதி வந்துவிட்டதே என்று கேட்பார்கள். அமெரிக்காவில் தவணைகள் முடிவதற்குள் திட்டத்தை மாற்றும்படி பொறுப்பாளரும் கேட்கலாம், கொடுத்தவரும் கேட்கலாம், வாங்கியவரும் கேட்கலாம். காலத்துக்கு முன்பே மொத்தமாகக் கட்டி வெளியேற வேண்டுமென்றால் நூறு சதவீதமும் கட்டு என்று பல நீதிமன்றங்கள் சொல்கின்றன.

என்றைய மதிப்பை வைத்துக் கணக்குப் போடுவது என்பதில்தான் மிகப் பெரிய இழுபறி. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் எழுந்த ஒரு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 13-ஆம் அத்தியாயத்தின் கீழ் மனு போட்ட அன்று வீட்டின் மதிப்பு 5,00,000 டாலர். அடமானக் கடன் 3,75,077. குடியிருக்கும் வீட்டுக்கென்று சட்டம் விட்டுக்கொடுக்கும் விலக்கு 1,24,500. கழித்துப் பாருங்கள், மிச்சம் 423 டாலர். கொடுத்தவர்களுக்கு அந்த வீட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. சுமார் 20 மாதம் கழித்து, தவணைத் திட்டத்தைத் தொடர முடியாமல் வழக்கு 7-ஆம் அத்தியாயத்துக்கு, அதாவது சொத்தை விற்றுப் பிரிக்கும் முறைக்கு மாறியது. அதற்குள் வீட்டின் மதிப்பு ஏறத்தாழ 2,00,000 டாலர் கூடியிருந்தது. அந்த ஏற்றம் யாருக்கு? ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் சொன்னது: வீடு திவால் சொத்தின், அதாவது கொடுத்தவர்களுக்காக வழக்கில் சேரும் சொத்தின் பகுதி, அதில் ஏறிய மதிப்பும் அதன் பகுதி, ஆகவே கொடுத்தவர்களுக்கு. அதற்கு முந்தைய வருடம், கொலராடோவில் எழுந்த இதே மாதிரிச் சிக்கலில் பத்தாம் வட்டார நீதிமன்றம் நேர் எதிராக, ஏறிய மதிப்பு வாங்கியவருக்கே என்று சொல்லியிருந்தது. ஒரே நாடு, ஒரே சட்டம். மாநில எல்லையைத் தாண்டினால் குடும்பத்தின் கையில் நிற்கும் பணம் தலைகீழாகிறது.

என் கருத்தைக் கேட்டால், பத்தாம் வட்டாரம் சொன்னதுதான் நியாயமாகப் படுகிறது. முடிந்தவரை தவணை கட்டிப் பார்த்து, முடியாமல் போனவருக்கு, முயன்றதற்காகவே வீடு போகிறது என்றால், முதல் நாளே 7-ஆம் அத்தியாயத்துக்குப் போயிருந்தால் வீடு தப்பியிருக்குமே என்ற வேதனைதான் மிஞ்சும். ஆனால் என் நியாயம் யாருக்கும் பணம் தராது. தங்கள் பகுதியில் எந்தத் தீர்ப்பு செல்லும் என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்வதுதான் பயன் தரும். 13-ஆம் அத்தியாயத்துக்குள் இருந்தபடியே விற்பவர்களுக்கும் இது பொருந்தும். திட்டம் ஏற்கப்பட்டபோது வீடு மறுபடி வாங்கியவர் கைக்கு வந்ததா, இல்லை கடைசி வரை திவால் சொத்தாகவே இருக்கும் என்று எழுதியிருக்கிறதா என்பதை அந்த ஏற்பு உத்தரவில் தேடுங்கள். அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் வாதம் முழுவதும் நடக்கும்.

விலக்குத் தொகையிலும் ஒரு பொறி இருக்கிறது. டெக்சாஸ், கலிபோர்னியா இரண்டிலும், குடியிருந்த வீட்டை விற்று வந்த பணத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு ஆறு மாதம்தான். அந்தப் பணம் வேறொரு வீடாக மாறாமல் வங்கிக் கணக்கில் கிடந்தால் பாதுகாப்பு போய்விடும். வீடாக இருந்தவரை யாரும் தொட முடியாத மதிப்பு, பணமானதும் தொடக்கூடியதாக ஆகிறது.

இங்கிலாந்து பக்கம் வருவோம். ஐ.வி.ஏ. நிறைவேற, ஓட்டுப் போடும் கொடுத்தவர்களில், கடன் மதிப்பில் 75 சதவீதம் வைத்திருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். சொந்த வீடு வைத்திருப்பவர் என்றால் அவர்கள் சும்மா சம்மதிப்பதில்லை. பல ஏற்பாடுகளில், கடைசி வருடத்தை ஒட்டி வீட்டை மதிப்பிட்டு, மறு அடமானம் வைத்துப் பணம் எடுக்க முடியுமா என்று பார்க்கும் விதி இருக்கும். கடன் வரலாறு கெட்டுப்போனவருக்கு எந்த வங்கியும் சரியான வட்டியில் தராது. அப்படி முடியாமல் போனால் அதற்குப் பதில் இன்னும் 12 மாதத் தவணை கட்டவேண்டும் என்று எழுதியிருப்பார்கள். ஐந்து வருட ஏற்பாடு ஆறு வருடமாவது இப்படித்தான்.

மறு அடமானம் வைத்தாலும், மொத்த அடமானம் வீட்டு மதிப்பில் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைப்பது பரவலான வழக்கம். அதாவது மதிப்பில் 15 பங்கை யாரும் தொட மாட்டார்கள். நடுவிலேயே வீட்டை விற்றால் இந்த வரம்பு செல்லுமா? அது மறு அடமானத்துக்கென்று எழுதிய வரம்பு. விற்பனைக்கும் அது செல்லும் என்று தெளிவாக எழுதியிருக்காவிட்டால், மிச்சம் முழுவதையும் மேற்பார்வையாளர் கேட்கலாம். ஒரு வருடம் பொறுத்து விற்பதற்கும் இப்போதே விற்பதற்கும் நடுவில் குடும்பத்துக்கு இவ்வளவு வித்தியாசம் வரலாம். அவசரம் இல்லாதவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் விற்பனைப் பலகை மாட்டவே கூடாது. வீட்டை முழுதாக ஒதுக்கிவைத்து எழுதிய ஐ.வி.ஏ.க்களும் உண்டு. அவற்றில்கூட, எதிர்பாராமல் பெரிய தொகை வந்தால் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கலாம், அது வீட்டுப் பணத்தைப் பிடிக்குமா என்பதையும் பார்க்கவேண்டும்.

ஸ்காட்லாந்தில் 2004 முதல் இருக்கும் கடன் ஏற்பாட்டுத் திட்டத்தில் வட்டியை நிறுத்திவைத்து அசலை முழுதாகக் கட்டுவார்கள். தள்ளுபடி இல்லாததால் வீட்டின் மேல் யாருக்கும் கண் இல்லை. விற்றுக் கட்டினால் சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். கனடாவின் கன்ஸ்யூமர் ப்ரபோசலில் சொத்து நிர்வாகியிடம் போவதில்லை, உங்களிடமே இருக்கும். வீட்டைப் பற்றித் தனியாக வாக்குக் கொடுத்து எழுதியிருந்தால் மட்டும் அது கட்டுப்படுத்தும். ஆனால் அங்கே மூன்று தவணை பாக்கி விழுந்தால் ஏற்பாடே ரத்தானதாகக் கருதப்பட்டுவிடும், வீடு விற்கும் பரபரப்பில் தவணையை மறந்துவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 2019 ஜூன் முதல் டெட் அக்ரிமென்ட் மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது, சொந்த வீடு உள்ளவருக்கு மட்டும் ஐந்து. இடையில் வீட்டை விற்பவர் அந்தக் கூடுதல் காலத்தைப் பற்றி நிர்வாகியிடம் பேசியே ஆகவேண்டும்.

அயர்லாந்தின் விதி மட்டும் தனி ரகம். 2008-க்குப் பிறகு அங்கே வீட்டு விலை சரிந்து, கடன் வீட்டு மதிப்பை விட மேலே நின்றது. 2012-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக் கடனையே குறைத்து எழுத வழி செய்தது. ஆனால் அப்படிக் குறைத்த வீட்டை 20 வருடத்துக்குள் நல்ல விலைக்கு விற்றால், விட்டுக்கொடுத்த வங்கி அதில் பங்கு கேட்கலாம். ஏற்பாடு முடிந்து, சான்றிதழ் வாங்கி, எல்லாம் மறந்து பத்து வருடம் கழித்து விற்பவருக்கும் இது பொருந்தும். பழைய காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

சரி, விற்பதென்றே முடிவாயிற்று. எந்த வேலை முதலில்? மேற்பார்வையாளருக்கோ பொறுப்பாளருக்கோ எழுத்தில் தெரிவிப்பதுதான். போனில் "பரவாயில்லை, விற்றுக்கொள்ளுங்கள்" என்று யார் சொன்னாலும், அதை ஒரு மின்னஞ்சலாக வாங்கி வையுங்கள். அந்தக் கடிதத்திலேயே கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: மிச்சத்தில் எவ்வளவு கேட்பீர்கள், குடிமாறும் செலவுக்கும் புது வாடகை முன்பணத்துக்கும் அதில் எடுக்கலாமா, துணைவரின் பங்கை எப்படிக் கணக்கிடுவீர்கள், இதோடு ஏற்பாடு முடியுமா தொடருமா. குடிமாறும் செலவை முன்கூட்டிக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு. எடுத்துச் செலவழித்துவிட்டுக் கேட்டால் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள்.

வாங்குபவரோடு போடும் ஒப்பந்தத்தில், இந்த விற்பனை இன்னாருடைய ஒப்புதலுக்கு உட்பட்டது என்று ஒரு வரி கட்டாயம் இருக்கவேண்டும். அமெரிக்காவில் விற்பனைக்கு மனு போட்டால் கொடுத்தவர்களுக்குப் பொதுவாக 21 நாள் முன்னறிவிப்பு போகவேண்டும், அதற்கு மேல் உத்தரவு வரும் நாள். அந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் முன்பணம் வாங்கிவிட்டு, அனுமதி தாமதமானால், ஒரு பக்கம் வாங்குபவர், மறுபக்கம் நீதிமன்றம் என்று நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். அனுமதி இல்லாமல் விற்றுவிட்டால் இன்னும் மோசம். அமெரிக்காவில் வழக்கு தள்ளுபடியாகலாம். இங்கிலாந்தில் ஐ.வி.ஏ. முறிந்ததாக அறிவித்து, அங்கிருந்து திவாலுக்குக் கொண்டுபோகலாம். இரண்டு வருடம் வயிற்றைக் கட்டிக் கட்டிய தவணைக்குப் பிறகு பழைய கடன் மீண்டும் தலை தூக்கும்.

விற்ற விலை கடனுக்கே போதாவிட்டால்? முதலில் வங்கியின் சம்மதம் வேண்டும், ஏனென்றால் முழுப் பணம் வராமல் அது ஈட்டை விடுவிக்காது. சம்மதித்தாலும், குறையும் தொகை ஈடு இல்லாத கடனாக மாறி உங்கள் தலையில் நிற்கலாம். அது இப்போதைய ஏற்பாட்டுக்குள் சேருமா, வெளியே தனிக் கடனாக நிற்குமா என்று எழுத்தில் வாங்காமல் பத்திரத்தில் கையெழுத்து வேண்டாம்.

வீட்டை விற்றதும் மாதச் செலவுக் கணக்கும் மாறும். தவணை எவ்வளவு என்று முடிவு செய்தபோது வீட்டுக் கடனைச் செலவாகக் கழித்திருந்தார்கள். அந்தச் செலவு இப்போது இல்லை, அதற்குப் பதில் வாடகை வருகிறது. வாடகை குறைவாக இருந்தால் தவணை ஏறும். கூடுதலாக இருந்தால் குறைக்கச் சொல்லி நீங்கள்தான் கேட்கவேண்டும், தானாக யாரும் குறைக்க மாட்டார்கள். ஏற்பாடு ஓடும்போது புதிதாக வீட்டுக் கடன் வாங்குவது கடினம், பல இடங்களில் அதற்கும் அனுமதி வேண்டும். ஆகவே விற்பதற்கு முன்பே, அடுத்த மூன்று வருடம் குடும்பம் எங்கே இருக்கும் என்பதை வாடகை வீட்டை மனதில் வைத்தே யோசித்துக்கொள்ளுங்கள்.

கிரயம் முடியும் நாளுக்கு முன் வக்கீலோ முகவரோ கடைசிக் கணக்குத் தாளை அனுப்புவார். அதை அவசரமாகப் பார்க்காதீர்கள். வங்கிக்குப் போகும் தொகை அன்றைய தேதி வரை வட்டி சேர்த்ததா, இரண்டாவது கடன் விட்டுப்போகாமல் சேர்ந்திருக்கிறதா, துணைவரின் பங்கு தனி வரியாக இருக்கிறதா, மிச்சம் யார் கணக்குக்குப் போகிறது என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பாருங்கள். மேற்பார்வையாளர் எழுதிய கடிதத்தில் உள்ள தொகையும் இந்தத் தாளில் உள்ள தொகையும் ஒத்துப்போகாவிட்டால், கையெழுத்தை நிறுத்திவைத்துவிட்டு அவருக்கு அன்றே எழுதுங்கள்.